ஓரிரு இடங்களில்

மழை வரப்போகிறது என்றால் ஊரில் எல்லோரும் வீட்டுக்குள் ஓடுவார்கள். நாங்கள் வீட்டை விட்டு வெளியே ஓடுவோம். உப்பளத்துக்காரர் வீட்டில் பிறந்தவர்களின் தலையெழுத்து அது. வானம் கறுத்தால் மற்ற வீட்டுப் பெண்கள் கொடியில் காயும் துணியை எடுப்பார்கள். எங்கள் அம்மா துணியை நனைய விட்டுவிட்டுத் தார்ப்பாயை எடுப்பாள். நனைந்த துணி மறுநாள் காய்ந்துவிடும், நனைந்த உப்பு போனது போனதுதான் என்பது அவள் கட்சி.

அப்பாவுக்குச் சொந்த அளம் கிடையாது. முத்தையாபுரம் தாண்டிக் கொஞ்சம் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைய வைத்தார். அங்கே நின்று பார்த்தால் ஒரு பக்கம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரியும், இன்னொரு பக்கம் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். நடுவில் மரம் என்று பேர் சொல்ல ஒன்று கிடையாது. உடைமரம்கூட ரோட்டோரத்தோடு நின்றுவிடும். அதற்கு அந்தப் பக்கம் வெள்ளை வெளேரென்று பாத்திகளும், வரப்புகளும், வரப்போரம் மேடாக்கி வைத்த தட்டுமேடுகளும்தான். வாரிய உப்பை அந்த மேடுகளில்தான் அம்பாரமாகக் குவித்து வைப்போம்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நாங்கள் பயப்படுவதில்லை. அது சொல்லிவிட்டு வரும் விருந்தாளி. அதற்குள் உப்பையெல்லாம் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, பாத்திகளை அப்படியே போட்டுவிட்டு, கல்யாணம் காட்சி என்று கிளம்பிவிடுவோம். எங்கள் பயமெல்லாம் பங்குனி, சித்திரையில் வரும் கோடை மழைக்குத்தான். தை மாதம் சேறு மிதித்துப் பாத்தி கட்டி, கிணற்று உப்புத் தண்ணீரைப் பாய்ச்சி, வெயிலில் காயவிட்டு, முதல் உப்பை வாரிக் குவித்து வைத்திருக்கும் நேரம் அது. நல்ல மழை ஒன்று கொட்டினால் போதும். பாத்தியில் உறைந்ததும் போகும், குவித்து வைத்ததும் கரையும், தண்ணீரில் ஏறியிருந்த உப்பின் உறைப்பும் இறங்கிவிடும். மறுபடியும் முதலிலிருந்து.

அதனால் மாசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் வானிலை அறிக்கைதான் சாமி. செய்தி முடிந்து அந்தப் பகுதி வரும்போது யாரும் மூச்சுவிடக் கூடாது. மிக்சி ஓடினால் அப்பா அடுப்படியைப் பார்த்து ஒரு சத்தம் போடுவார். பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்று கேட்டால் அம்மாவின் முகத்தைப் பார்க்கிற மனுஷனுக்கு, குமரிக்கடலில் என்ன சுழற்சி நிலவுகிறது என்பது மட்டும் தலைகீழ்ப் பாடம். 'தென் தமிழகத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு' என்று வாசித்து முடிப்பதற்குள் எழுந்து செருப்பைத் தேடுவார்.

"ஓரிரு எடம்னா அது நம்ம எடமாத்தான் இருக்கும்ளா" என்பார்.

"ஏன், அந்த ஓரிரு எடத்துக்கு வேற ஊரே கெடையாதோ? ஒங்க அளத்தத்தான் தேடி வருதாக்கும்" என்பாள் அம்மா. சொல்லிக்கொண்டே தார்ப்பாயை மடித்துக் கொடுப்பாள்.

பங்குனி உத்திரத்துக்கு எங்கள் பக்கம் எல்லோரும் அவரவர் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் போவோம். எங்கள் சாஸ்தாவுக்கு வருஷா வருஷம் ஒரு சங்கடம் உண்டு. கொற்கைப் பக்கம் வாழைக்கும் நெல்லுக்கும் வாக்கப்பட்டுப் போன அத்தை, பொங்கல் பானை பொங்கும்போது குலவையிட்டு, மழை பெய்ய வேண்டும் சாமி என்று கும்பிடுவாள். பக்கத்து அடுப்பில் அவளுடைய உடன்பிறந்த தம்பியான எங்கள் அப்பா, மழை வரக்கூடாது சாமி என்று கும்பிடுவார். இரண்டு பேருக்கும் அதே பூசாரிதான் திருநீறு கொடுப்பார். "சாஸ்தா பாவம், அவரு யாரு பேச்சத்தான் கேப்பாரு, குதிரைய எடுத்துட்டு எங்கயாவது ஓடிப்போயிருவாரு" என்று என் தம்பி சொல்வான். அத்தை அவன் முதுகில் ஒன்று வைப்பாள்.

தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். அக்காவான என்னைவிட மூன்று வயது இளையவன். டிப்ளமோ முடித்துவிட்டுத் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கண்டெய்னர் யார்டில் சூப்பர்வைசராக இருந்தான். ஷிப்ட் இல்லாத நாட்களில் அப்பாவோடு அளத்துக்குப் போவான். வீட்டில் தொலைக்காட்சியின் வானிலைக்கு எதிர்க்கட்சி அவன்தான். செல்போனில் மேகப் படத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, "அப்பா, டிவிக்காரன் படிக்கதுக்குள்ள மழ பெஞ்சு முடிஞ்சிரும். இந்தா பாருங்க, கயத்தாறு பக்கம் செகப்பா இருக்கு. காத்து இங்கன தள்ளுது" என்று காட்டுவான். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்ப்பார். ஒன்றும் புரியாது. "சரிலே, வருமா வராதா, அதச் சொல்லு" என்பார்.

அந்தப் பங்குனியில், உத்திரத்துக்கு முந்தின நாள், நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். அம்மா கோயிலுக்குக் கொண்டுபோக அரிசியும் வெல்லமும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மத்தியானச் செய்தியில் வழக்கமான வரி வந்தது. ஓரிரு இடங்கள், இடியுடன் கூடிய மழை. மின்னல் நேரத்தில் வெட்டவெளியில் நிற்க வேண்டாம் என்றும் ஏதோ சொன்னார்கள். நாங்கள் அத்தனை பேரும் அதைக் கேட்டோம். மழை என்றதும் அப்பா எழுந்துவிட்டார், அம்மா தார்ப்பாயைத் தேடிப் போனாள், நான் ஜன்னலைத் திறந்து மேற்கே பார்த்தேன். இடி என்பதற்கு எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பரம்பரை பரம்பரையாக எங்களுக்கு எதிரி மழைதான். இடி அதற்கு முன்னால் வந்து தகவல் சொல்லிவிட்டுப் போகும் ஆள், அவ்வளவுதான். இடி கேட்டால் இன்னும் வேகமாக அளத்துக்கு ஓட வேண்டும் என்றுதான் பழகியிருக்கிறோம். இந்தப் பைத்தியக்காரத்தனம் உப்பில் பிழைக்காத எவனுக்கும் வராது.

அப்பாவின் வண்டி டயரில் காற்று இல்லை. புதுக் கயிறும் வாங்க வேண்டியிருந்தது. "நீ முன்னால போயி மூடுலே, நான் கயித்த வாங்கிட்டுப் பின்னாலயே வாரேன்" என்றார். தம்பி தட்டில் கிடந்த கடைசி வாயை எடுத்துப் போட்டுக்கொண்டு கைகழுவினான். போனில் படத்தைப் பார்த்தான். "நல்லாவே வாரான்" என்றான், மழையை. எங்கள் வீட்டில் அதிக விவரம் தெரிந்தவன் அவன். அவனும் அளத்தை நோக்கித்தான் போனான்.

அம்பாரத்தை மூடுவதற்கு ஒருவர் அதன் உச்சியில் ஏற வேண்டும். மேலே நின்று தார்ப்பாயை இழுத்து இரண்டு பக்கமும் சரிசமமாகத் தொங்கவிட்டால்தான் கீழே இருப்பவர்கள் கயிறு கட்ட முடியும். வீட்டில் இளவட்டம் யாரோ அவர்தான் ஏறுவார், அது வழக்கம். ஆளுயரத்துக்கு மேலே ஒரு மேடு எங்கும் இல்லாத அந்த வெளியில், தட்டுமேட்டின் மேல் அம்பாரம், அம்பாரத்தின் மேல் என் தம்பி. அப்பா கயிற்றுச் சுருளோடு வரப்பில் திரும்பியபோது அவனைப் பார்த்திருக்கிறார். கையைத் தூக்கிக் காட்டியிருக்கிறான். அப்புறம் நடந்ததை அப்பா எங்களிடம் சொன்னதே இல்லை. மின்னல் அவன்மேல் இறங்கியது கூட நின்ற அளத்துப் பெண்கள் சொல்லித்தான் தெரியும்.

மறுநாள் தொலைக்காட்சியில் வழக்கம்போல் அறிக்கை வாசித்தார்கள். கடந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் தென் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் மழை பெய்தது என்றார்கள். அப்போது எங்கள் வீட்டில் கூட்டம். யாரோ ஓடிப்போய் நிறுத்தினார்கள்.

துட்டி கேட்க, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் அளத்துக்காரர்கள். அவர்கள் ஆளாளுக்கு ஒன்றையே சொன்னார்கள். "மூடி முடிச்சிட்டுத்தான் போயிருக்கான். ஒரு கல்லு உப்பு கரையல." ஆறுதலாகத்தான் சொன்னார்கள். எங்கள் ஆட்களுக்கு அதைவிடப் பெரிய புகழ்ச்சி தெரியாது. எனக்கு அவர்கள் ஒவ்வொருவர் வாயிலும் அந்த உப்பையே அள்ளிப் போட வேண்டும்போல் இருந்தது. அத்தனை உப்பும் கரைந்து ஓடைக்குப் போயிருக்கக் கூடாதா, அவன் இரண்டாவது தடவை சோறு கேட்டு உட்கார்ந்திருக்கக் கூடாதா என்றுதான் திரும்பத் திரும்ப நினைத்தேன். இன்றும் நினைக்கிறேன்.

அப்பாமேல் எனக்குக் கோபம் இருந்தது. நீ முன்னால போ என்று சொன்னது அவர். அதை நானும் அம்மாவும் எங்கள் காதால் கேட்டோம். அவரிடம் நாங்கள் அதைக் கேட்கவில்லை, அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. தம்பி என்ற சொல்லே எங்கள் வீட்டிலிருந்து போய்விட்டது. அவனைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டி வந்தால் அம்மா 'அப்பம்லாம்' என்று ஆரம்பிப்பாள், 'அப்பம்லாம் வீட்டுல சாப்பாடு மிஞ்சாது' என்பாள். எங்களுக்குப் புரிந்துவிடும்.

பதினாறு முடிந்து அப்பா அளத்துக்குப் போனார். இந்த மனுஷனால் எப்படி முடிகிறது என்று அம்மா என்னிடம் கேட்டாள். போகாமல் வீட்டில் இருந்தால் இன்னும் மோசம் என்று நான் சொன்னேன். சித்திரையில் அடுத்த அறிக்கை வந்தது. அதே ஓரிரு இடங்கள். அப்பா எழுந்தார், செருப்பைப் போட்டார். அம்மா தார்ப்பாயை எடுத்து நீட்டினாள். வாங்காமல் போனார்.

அன்றைக்கு அவர் செய்தது சாயங்காலம்தான் எங்களுக்குத் தெரிந்தது. தன் அளத்துப் பக்கம் போகவே இல்லை. வண்டியை வரப்பு வரப்பாக ஓட்டி, அடுத்தவர் அளங்களில் அம்பாரத்தை மூடிக்கொண்டிருந்தவர்களை எல்லாம் இறக்கி வெளியே துரத்தியிருக்கிறார். ஏறிய ஒரு பையனின் காலைப் பிடித்து இழுத்திருக்கிறார். திட்டியிருக்கிறார், கெஞ்சியிருக்கிறார். எல்லோரும் ரோட்டுக்கு வரும்வரை விடவில்லை. அன்று மழை சும்மா நாலு தூறல் போட்டுவிட்டுப் போய்விட்டது. அடுத்த வாரம் வந்தது நிஜ மழை. அப்போதும் அதே கதைதான். எங்கள் அம்பாரம் திறந்தே கிடந்து பாதிக்குமேல் கரைந்தது.

அதிலிருந்து அதுவே அவருக்கு வேலையாகிவிட்டது. மாசி முதல் ஆவணி வரை, எப்போது இடி என்ற சொல் அறிக்கையில் வருகிறதோ அப்போது வண்டியை எடுத்துவிடுவார். மற்ற குத்தகைக்காரர்கள் முதலில் பொறுத்துப் பார்த்தார்கள். துக்கத்தில் இருக்கும் மனுஷன் என்று விட்டார்கள். அப்புறம் அவர்களுக்கும் பொறுக்கவில்லை. நம்மூரில் பத்துத் தடவை மழை என்று சொன்னால் ஒன்பது தடவை வெயில்தான் அடிக்கும். ஒன்பது தடவையும் வேலை கெட்டால் எவனுக்கு மனசு இருக்கும்? ஒருநாள் ஒரு குத்தகைக்காரர் ரோட்டில் வைத்தே சத்தம் போட்டார்.

"அண்ணாச்சி, ஒம்ம வீட்டு நட்டத்துக்கு ஊரு முழுக்கக் கடையச் சாத்தச் சொல்லுதேரா? எங்க உப்பு போனா நீரு தருவேரா?"

"உப்பு போனா திரும்ப வெளையும்ல" என்றாராம் அப்பா.

அந்த ஆள் தன் ஆட்களைப் பார்த்துக் கையைக் காட்டினாராம், போங்கள் என்று.

கேலியும் இருந்தது. நம் ஆட்களால் கேலி செய்யாமல் எதையும் தாங்க முடியாது. அண்ணாச்சி வந்துவிட்டால் அன்றைக்கு மழை வராது என்று ஒரு பேச்சு கிளம்பியது. பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்தது. மேகம் கூடும்போதே, "ஏளா, அண்ணாச்சிக்கு ஒரு போனப் போடு, மழ ஓடிரும்" என்று பெண்கள் சிரிப்பார்கள். ஒரு குத்தகைக்காரர் நிஜமாகவே டீ வாங்கிக் கொடுத்து, தினமும் ஒரு சுற்று வந்துவிட்டுப் போகும்படி கேட்டிருக்கிறார். அப்பா டீயைக் குடித்துவிட்டு, "வராட்டி நல்லதுதான" என்றார். அவருக்குக் கேலி ஏறவே இல்லை.

வீட்டில்தான் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. மற்றவர்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டு அந்த வெட்டவெளியில் கடைசி ஆளாக நிற்பவர் அவர்தானே. வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, மின்னலுக்கு நடுவே, ஒரு மரம்கூட இல்லாத இடத்தில். ஒவ்வொரு முறையும் இந்த முறை அவர்தான் என்று அம்மா நினைப்பாள். வண்டிச் சாவியை அரிசிப் பானையில் ஒளித்து வைத்தாள். அவர் நடந்தே போனார். வாசலை மறித்து நின்றாள்.

"எனக்குக் குடுக்க இன்னொண்ணு இல்லங்க. ஒண்ணு குடுத்தாச்சு. ஒங்களையும் அங்கன கொண்டுபோயிப் போட்டுட்டு நான் யாரப் பாத்துட்டு இருக்க?"

"வந்துருவம்ளா" என்று அவளைச் சுற்றிக்கொண்டு போனார்.

கோபமும் இந்தப் பயமும் எனக்குள் ஒன்றாகக் கிடந்தன. அவனை அனுப்பியவர் என்றும் தோன்றும், இவரும் போய்விட்டால் என்னவாகும் என்றும் நடுங்கும். நான் வேலை பார்ப்பது துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில். மழை வந்தால் கப்பலில் சரக்கு ஏற்றுவது நிற்கும், அதனால் அங்கேயும் எல்லோரும் வானிலை பேசுவார்கள். 'கார்கோ நனைஞ்சிரும்' என்று அவர்கள் கவலைப்படும்போது நான் மேற்கு ஜன்னலில் நின்று, அப்பாவோடு அளத்தில் இருக்கும் ஏதாவதொரு பெண்ணுக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படியே சில வருஷம் ஓடி, இந்தப் பங்குனியில் ஒரு மத்தியானம். அலுவலகத்தில் இருந்த அத்தனை செல்போன்களும் ஒரே நேரத்தில் கூக்குரல் போட்டன. இடி மின்னலுடன் மழை, வெட்டவெளியில் நிற்க வேண்டாம் என்று தமிழில் எழுத்து ஓடியது. இப்போதெல்லாம் அரசாங்க எச்சரிக்கை இப்படித்தான் வருகிறது. மேனேஜர் பயந்துபோய்ப் போனைக் கீழே போட்டார், எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அம்மாவின் அழைப்பு.

"ஏளா, ஒங்கப்பா போயிட்டாவ. மேக்க பாரு, ஒரே கறுப்பா நிக்கி. இன்னைக்கு எனக்கு மனசே சரியில்ல."

நான் ஸ்கூட்டியை எடுத்தேன். இதற்கு முன் ஒருநாளும் அவரைத் தேடி நான் போனதில்லை. அவன் விழுந்த இடத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை, அதுதான் காரணம். அன்று போனேன். துறைமுக ரோட்டில் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. அளத்துக்குத் திரும்பும் மண்பாதையில் எதிரே லோடு ஆட்டோக்களில் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள், முகத்தில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல். ஓர் ஆட்டோ நின்றது. அப்பாவோடு நெடுநாள் வேலை பார்த்த அக்கா ஒருவர் தலையை நீட்டினார்.

"எல்லாரும் வந்தாச்சு தாயி. போனு கத்துன ஒடனே நாங்களே கெளம்பிட்டோம். மூடுத வேலயும் இல்ல, இப்பம்லாம் காலைலயே மூடிட்டுத்தான வாருதோம். ஒங்கப்பாதான் உள்ள போறாவ. நிப்பாட்டிச் சொன்னோம், ஒருத்தரும் இல்ல அண்ணாச்சி, திரும்புங்கன்னு. தலைய ஆட்டிட்டுப் போயிட்டாவ."

"எந்தப் பக்கம்க்கா?"

"ஒங்க அளத்துப் பக்கந்தான்" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

மண்பாதை முடிந்து வரப்புக்கு வந்தேன். அந்த நேரத்து அளத்தைப் பார்க்காதவர்களுக்கு அதைச் சொன்னால் புரியாது. மேலே வானம் கன்னங்கரேல், கீழே பாத்திகள் அத்தனையும் வெள்ளை. கண்ணுக்கெட்டிய தூரம் ஓர் ஆள் இல்லை. அம்பாரங்கள் எல்லாம் காலையிலேயே ஒழுங்காக மூடிக் கட்டியிருந்தன. மேற்கே ஒரு மின்னல் தரைவரை இறங்கியது. ஒன்றிரண்டு எண்ணுவதற்குள் சத்தம் வந்து நெஞ்சில் இடித்தது. அந்த வெளியில் தலை நிமிர்ந்து இருப்பது நானும் அப்பாவும் மட்டும்தான். ஐயோ, அம்மா ஒரே நாளில் இரண்டு பேரையும் இழக்கப் போகிறாள் என்று வாய்விட்டே சொன்னேன்.

எங்கள் தட்டுமேட்டுக்கு அருகில் அவர் வண்டி கிடந்தது. அவர் அதன் பக்கத்தில் நின்று நாலு திசையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். திரும்பிப் பார்த்தார். என்னை அங்கே பார்த்ததில் அவருக்கு ஆச்சரியம்கூட வரவில்லை.

"ஒருத்தரையும் காணமேளா" என்றார்.

"எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்கப்பா. வாங்க."

அவரை இழுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குள் நுழையவும் மழை இறங்கவும் சரியாக இருந்தது. கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரை வைக்கக் கட்டிய சின்ன கான்கிரீட் அறை அது. உள்ளே டீசல் வாடை. ஒரு தலைகீழ் வாளியில் அவரை உட்கார வைத்தேன். சேலைத் தலைப்பால் அவர் தலையைத் துவட்டினேன். முடியெல்லாம் எப்போது இப்படி நரைத்தது என்று தோன்றியது. இத்தனை நாள் அவர் தலையைப் பக்கத்தில் வைத்து நான் பார்க்கவே இல்லை. வெளியே எதுவும் தெரியாத அளவுக்கு மழை கொட்டியது. திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன், உங்களுக்கு அம்மா நினைப்பு இருக்கிறதா, என் நினைப்பு இருக்கிறதா என்று. தலைப்பைப் பிழிந்து மறுபடியும் துவட்டினேன்.

"எல்லாரும் போயிட்டாவளா?" மறுபடியும் கேட்டார்.

"போயிட்டாங்கப்பா. போன்லயே வந்துருச்சு. எல்லாரும் தானாவே கெளம்பிட்டாங்க. இனிமே நீங்க வர வேண்டியதே இல்ல."

நல்ல செய்தி என்றுதான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அப்புறம் என்னிடம், நிஜமாகவே தெரியாமல் கேட்பவர்போல், "அப்பம் நான் யாரக் கூப்புட வந்தேன்?" என்றார்.

எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். இத்தனை வருஷமாக அவர் யார் யாரையோ இறக்கி, யார் யார் பிள்ளைகளையோ வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது எதற்காக என்று ஊருக்கே தெரியும். எங்கள் வீட்டில்தான் ஒருவரும் அதை வாய்திறந்து சொன்னதில்லை. நான் அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"தம்பியத்தாம்ப்பா" என்றேன்.

"ஆமா" என்றார். "அவனத்தான்."

அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அவனைத் தூக்கி வந்த அன்றுகூட அவர் அழவில்லை, அதற்காகவும் அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது. அன்று அழுதார். சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து, மூக்கு ஒழுக ஒழுக, "நாந்தாம்ளா அவன முன்னால போகச் சொன்னேன், நாந்தான் சொன்னேன்" என்று என் தோளைப் பிடித்து உலுக்கி உலுக்கி அழுதார். நான் அவரை அணைத்துக்கொண்டேன். இல்லை என்று சொல்லவில்லை. சொன்னால் அது பொய். ஆனால் அவர் மட்டுமா சொன்னார்? தார்ப்பாயை எடுத்து அவன் கையில் கொடுத்தவள் அம்மா. படத்தைப் பார்த்துவிட்டுப் போனவன் அவன். எங்களுக்குப் பழகின உலகத்தில் மழை வந்தால் அங்கேதான் போக வேண்டும். அதற்குமேல் அந்தக் கோபத்தை என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. அது எப்போது போயிற்று என்றுகூடத் தெரியவில்லை.

ரொம்ப நேரம் பெய்தது. இடி கொஞ்சம் கொஞ்சமாகக் கடல் பக்கம் நகர்ந்துபோனது. அம்மாவுக்குப் போன் போட்டு, அப்பா என்னோடுதான் இருக்கிறார், வந்துகொண்டிருக்கிறோம் என்றேன். அப்பா வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்தார்.

வெளியே வந்தபோது பாத்திகள் முழுக்க மழைத் தண்ணீர் நிறைந்து, எது வரப்பு எது பாத்தி என்று தெரியாமல் கிடந்தது. பாத்தியில் விளைந்து வாராமல் கிடந்த உப்பு அத்தனையும் போயிருந்தது. அப்பா அதைப் பார்க்கவில்லை. வண்டியை நிமிர்த்தி நிறுத்தினார். ஏறி உட்கார்ந்தவர் கிளப்பாமல், பின்னால் ஓர் ஆள் ஏற இடம் விட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு யாருமே இல்லாத தட்டுமேட்டைப் பார்த்துச் சொன்னார்:

"இறங்கி வாலே. வீட்டுக்குப் போவோம்."